புனிதத்தின் இடது கை

எனக்கு வயது அறுபத்தொன்று. சுவிசில் கூர் நகரத்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்தே பாதி ஆயுளைக் கழித்தவள். ஆட்கள் அறைகளில் விட்டுவிட்டுப் போகும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் முகம் மாறாமல் நிற்கப் பழகிவிட்டேன். "கஜலக்சுமி அக்காவுக்கு நெஞ்சு கல்லு" என்று கூட வேலை செய்கிற பிள்ளைகள் சொல்வார்கள். அந்தக் கல்லு நெஞ்சையே எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் புனிதவதி ஒரு தீபாவளி நாளில் பக்கென்று நிற்க வைத்தாள்.

புனிதவதி யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் அதிர்ச்சி உங்களுக்கு விளங்காது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவள். தம்பித்துரையைக் கலியாணம் முடிக்க சுவிசுக்கு வந்தவள். வந்த காலத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அங்கேயிருக்கிறவர்களின் காலுறை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சின்னத் துணித்துண்டைத் தைப்பது, துவைப்பது, மடிப்பது, இவ்வளவுதான் அவளுடைய உலகம். யாரோடும் குரலை உயர்த்திக் கதைக்கமாட்டாள். கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பாள், பந்தியில் கடைசியாகச் சாப்பிடுவாள். கலியாண வீட்டுக்குப் போனாலும் நகத்தில் ஒரு சொட்டுச் சிவப்புப் பூசமாட்டாள். அடக்கமான பெண் என்றால் எங்கள் ஆட்கள் புனிதத்தைத்தான் காட்டுவார்கள். நானும் ஒருமுறை என் மகளிடம் அப்படிக் காட்டப்போய் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வருடம் தவறாமல் கேதாரகௌரி விரதம் பிடிப்பாள். இருபத்தொரு நாளும் ஒருபொழுது. மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வராது. புருஷனுடைய ஆயுளுக்காகப் பிடிக்கிற விரதம் அது. கடைசி நாள் கோயிலில் ஐயர் காப்புக் கட்டிவிடுவார். காப்பு என்றால் மஞ்சள் நூல்தான். ஆண்களுக்கு வலது கையில், பெண்களுக்கு இடது கையில்.

அந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே வியாழக்கிழமையில் வந்து விழுந்தன. தெருவில் பிள்ளைகள் பேய் முகமூடியோடு மிட்டாய் கேட்டுத் திரிய, வீட்டுக்குள் நாங்கள் விளக்கேற்றிக்கொண்டிருந்தோம். மறுநாள் மாலைதான் காப்பு. விரதகாரிக்கு உதவட்டும் என்று கொஞ்சம் கடலை அவித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேலே போனேன். கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. சாம்பிராணி வாசத்தை எதிர்பார்த்துப் போனவளுக்கு மூக்கைத் துளைக்கிற மருந்து மணம் அடித்தது.

குசினி மேசையில் புனிதம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவளுடைய இடது கை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஊதா வெளிச்சம் வந்தது. கையில் ஏதோ நோய், அதற்கு லைற் பிடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கைக்கு என்ன புனிதம்?"

சீனி திருடிய பிள்ளை மாதிரி வெடுக்கென்று கையை வெளியே இழுத்தாள். இழுத்தபோது கண்டுவிட்டேன். பெருவிரலில் கறுப்புப் பூசி, அதன்மேல் வெள்ளை மண்டையோடு. சுட்டுவிரலில் சிலந்திவலையும் அதில் ஒரு சிலந்தியும். நடுவிரலில் நகத்தின் அடியிலிருந்து நுனிவரை இரத்தம் ஒழுகுகிறது. மோதிர விரலில் பல்லைக் காட்டுகிற பூசணிக்காய். சுண்டுவிரலில் வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு பேய், என்னைப் பார்த்து வாயைத் திறந்தபடி.

கிண்ணம் என் கையிலிருந்து நழுவியது. கடலை குசினி முழுக்க உருண்டது.

"அடியேய், உனக்கு என்ன பிடிச்சது? விரதக் கையிலை மண்டையோடோ? நாளைக்கு இந்தக் கையையோ ஐயரிட்டை நீட்டப்போறாய்?"

"மெல்லக் கதையுங்கோ அக்கா. கீழ்வீட்டுக்குக் கேக்கும்."

"கீழ்வீடு நான்தானடி!"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "தக்ஷி வாறாளக்கா," என்றாள். "நாளைக்கு வாறாள்."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தக்ஷிகா இவர்களுடைய ஒரே மகள். சூரிச்சில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி வேலை. இளவேனிற்காலத்தில் லூக்கா என்ற பையனோடு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கலியாணம் இல்லை, பதிவு எழுத்தும் இல்லை. தம்பித்துரை அன்றைக்குச் சொன்னதை இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது. "அவன் வெள்ளையோ கறுப்போ எனக்குப் பிரச்சினையில்லை. தாலி இல்லாமல் ஒருத்தனோடை இருக்கிறவள் இனி இந்தப் படி மிதிக்கக் கூடாது!" அவர் கெட்ட மனுஷன் இல்லை. உணவகக் குசினியில் நின்று உழைத்து மகளைப் படிப்பித்தவர். ஆனால் வாயால் வந்ததைத் திரும்ப விழுங்கத் தெரியாதவர். மகளும் அதே அச்சு. தகப்பன் கூப்பிட்டால் வருவேன் என்று இவளும், மன்னிப்புக் கேட்டால் கூப்பிடுவேன் என்று அவரும், ஆறு மாதமாக ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் காய்ந்தவள் புனிதம்.

அவள் தினமும் காலையில் மகளுக்கு ஒரு சாமிப் படம் அனுப்புவாளாம். மகள் ஒரு பெருவிரல் படம் திருப்பி அனுப்புவாளாம். அதைத் தவிர ஒரு கதை இல்லை.

"அந்தப் பெருவிரலைப் பாத்துத்தான் பிள்ளை சுகமா இருக்கு எண்டு அறியிறனான் அக்கா," என்றாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

கொஞ்ச நாளுக்கு முன் தக்ஷிகா தன் ஸ்டேட்டசில் மண்டையோடு கீறிய நகங்களின் படம் ஒன்றைப் போட்டிருக்கிறாள். ஹாலோவீன் பார்ட்டிக்கு இப்படி வேண்டும், நகக் கடைகளில் இடமில்லை, யாராவது கை கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். பிறந்த நாள் முதல் நெயில் பொலிஷ் தொடாத புனிதம், "நான் செய்வன்" என்று எழுதிவிட்டாள். மகள் முதலில் வரிசையாகச் சிரிப்புப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். பிறகு, "உண்மையாவோ அம்மா?" பிறகு, "அப்பா?" அப்பா வேலையால் நேரே கோயிலுக்குப் போவார் என்று இவள் எழுத, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வாறன் என்று பதில் வந்திருக்கிறது.

அதன் பிறகு இவள் செய்த வேலையைக் கேட்டு நான் வாயில் கை வைத்தேன். விளக்குப் பெட்டி, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, செம்மஞ்சள் ஜெல் போத்தல்கள் எல்லாம் இணையத்தில் எடுத்து, வேலையிடத்து விலாசத்துக்கு வரவழைத்திருக்கிறாள். தம்பித்துரை இல்லாத நேரமெல்லாம் போனில் வீடியோவை வைத்துக்கொண்டு பயிற்சி. கரண்டிக் காம்பில் பிளாஸ்டிக் நகத்தை ஒட்டி, கறுப்புப் பூசி, விளக்கில் காயவைத்து, அதன்மேல் வெள்ளைப் பொட்டு ஒன்றை வைத்து, தையல் ஊசியால் கீழே இழுத்து மண்டையோட்டுக்குத் தாடை எடுப்பது. பிறகு பல்லுக்குத்தும் குச்சியால் இரண்டு கண். ஒரு மேசை இழுப்பறை நிறைய அந்த நகங்கள் கிடந்தன. ஆரம்பத்தில் கீறிய மண்டையோடுகள் பலாக்கொட்டை மாதிரி இருந்தன. கடைசியாகக் கீறியவற்றை எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவு அச்சொட்டு.

"பிளாஸ்டிக்கிலை சரி வருது. உயிர் நகத்திலை வருமோ எண்டு பாக்கத்தான் என்ரை கையிலை கீறினனான். பிழைச்சால் பிறகு வரமாட்டாள்."

"அதுக்கு ஒரு விரல் காணாதோ? அஞ்சிலையுமோ?"

"அவள் அஞ்சும் கேட்டவள்." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஒரு கைக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்குமக்கா. ரெண்டு கைக்கு ரெண்டு. அவ்வளவு நேரமும் அவளின்ரை கை என்ரை கைக்குள்ளை இருக்கும். இடையிலை எழும்பிப் போகேலாது."

நான் குனிந்து கடலையைப் பொறுக்கினேன்.

"சரி, இப்ப அழி," என்றேன். மகள் விட்டுவிட்டுப் போன பழைய ரிமூவர் போத்தலை எடுத்தாள். பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். சிலந்தி ஒரு காலைக்கூட எடுக்கவில்லை. இது சாதாரணப் பூச்சு இல்லை, வேறு மருந்தில் ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும் என்பதை இருவரும் அப்போதுதான் போத்தலில் தேடி வாசித்தோம். தீட்டுவதற்கு அத்தனை வீடியோ பார்த்தவள், கழற்றுவதற்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லை! நான் என் பங்குக்குத் தேசிக்காய்ச் சாறு, தேங்காயெண்ணெய், சட்டி தேய்க்கிற நார் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மண்டையோடு முன்னையைவிட நன்றாகப் பளபளத்தது.

அன்றைக்கு வேலையால் வந்த தம்பித்துரைக்கு அவள் மஞ்சள் றப்பர் கையுறையோடு சோறு போட்டாளாம். அந்த மனுஷன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயைக் கையுறையில் மறைத்துச் சோறு போட்டவள் இவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை நான் பட்டுச்சேலை உடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு போக மேலே ஏறினேன். மூன்று மணி எப்போதோ கழிந்துவிட்டது. புனிதம் விரதச் சேலையோடு மேசையின் முன்னால் இருந்தாள். மேசையில் வெள்ளைத் துவாய் விரித்து, போத்தல்களை வரிசையாக அடுக்கி, விளக்கைத் துடைத்து வைத்திருந்தாள். எதிரே வெறும் கதிரை.

"வேலை முடியப் பிந்திட்டுதாம். அடுத்த ரெயினிலை வாறாளாம்."

"வராட்டில்?"

"வருவாள்."

நான் மணிக்கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்தால் காப்புக்குப் பிந்திவிடும் என்று நான் வாயைத் திறக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தக்ஷிகா நின்றாள். முழங்கால்வரை கறுப்புச் சப்பாத்து. தலைமயிரில் பாதி ஊதா. குளிரில் மூக்குச் சிவந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, யாருடைய வீட்டுக்கோ வந்தவள் மாதிரி தயங்கினாள்.

புனிதம் அழுது கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "இரு. கையைத் தா," என்றாள்.

மகள் இருந்தாள். அப்போதுதான் தாயின் இடது கையைக் கண்டாள். "அம்மா! இது ஆர் செய்தது?"

"நான்தான்."

"மேகா!" என்று, அபாரம் என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்கிற சொல்லைக் கத்திச் சிரித்தாள் பிள்ளை. சிரித்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். தாய் அவளுடைய கையைத் தன் கைக்குள் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோல் இப்பிடி வறண்டு கிடக்கு. ஆஸ்பத்திரி மருந்தாலை கழுவிக் கழுவி. கிறீம் பூசுறேல்லையோ?"

"மறந்துபோவன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "புனிதம், இப்ப துவங்கினால் கோயிலுக்குப் போகேலாது. முதல் காப்பைக் கட்டிக்கொண்டு வருவம்."

"நீங்கள் போங்கோ அக்கா."

"உனக்குக் காப்பு?"

"அடுத்த வருஷம் கட்டலாம்."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. காய்ச்சலோடும் போய்க் காப்புக் கட்டியவள், வேலையில் கெஞ்சி லீவு எடுத்துக் கட்டியவள் சொல்கிற கதையா இது? "அது தம்பித்துரையின்ரை ஆயுளுக்கடி!"

"அவர் நல்லாத்தானே இருக்கிறார். இவள் எழும்பினால் திரும்ப வந்து இருப்பாளோ எண்டு எனக்குத் தெரியாது."

"அம்மா, நீங்கள் போங்கோ. நான் வேறை நாளைக்கு..." என்று மகள் கையை இழுத்தாள்.

"ஆடாதை. கோடு கோணும்," என்றாள் புனிதம். கையை விடவில்லை.

நான் கோபத்தோடு படியிறங்கி, பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போனேன். போகும் வழி முழுக்க அவளைத் திட்டினேன். கோயில் வாசலில் தம்பித்துரை வேட்டியோடு காத்து நின்றார்.

"எங்கையக்கா புனிதம்?"

என்ன சொல்வது? மகள் வந்திருக்கிறாள், மண்டையோடு கீறுகிறார்கள் என்றா? "காய்ச்சல்," என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோயில் வாசலில் நின்று பொய்!

அவருடைய முகம் வெளிறியதைப் பார்த்து நான் பயந்துபோனேன். "வெறும் வயித்தோடை கிடந்து தேடின வருத்தம்," என்றபடி உள்ளே ஓடினார். எனக்கு ஐயர் காப்புக் கட்டி முடிக்கவும், அவர் ஐயரிடம் வீட்டில் கட்டுவதற்கென்று வெற்றிலையில் சுற்றிய இரண்டு நூலை வாங்கவும் சரியாக இருந்தது. ஒன்று மனைவிக்கு, மற்றது தனக்கு. "நீங்கள் உங்கடையைக் கட்டிக்கொண்டு போங்கோவன்," என்று ஐயர் சொன்னார். "அவவுக்குக் கட்டினாப் பிறகுதான்," என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

காருக்குள் இருந்து புனிதத்துக்கு மூன்று தரம் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டு கையிலும் வேலையாக இருப்பவள் எப்படி எடுப்பாள்? ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவர் திரும்பி, "காய்ச்சல் கூடவோ அக்கா?" என்று கேட்டார். "ஓம். இல்லை. கொஞ்சம்," என்றேன். எனக்குத்தான் காய்ச்சல் வந்துவிட்டது.

மாடிப்படி ஏறி வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார். கதவருகே அந்தக் கறுப்புச் சப்பாத்து. இந்த வீட்டில் அப்படிச் சப்பாத்துப் போடுகிறவள் ஒருத்திதான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. இனி வாய் திறப்பார், கட்டடம் அதிரும், பிள்ளை இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று நான் முருகனைக் கூப்பிட்டேன்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு குசினிக்குப் போனார்.

தக்ஷிகாவின் இடது கை முடிந்து, துவாயில் விரித்தபடி கிடந்தது. ஐந்து விரலிலும் மண்டையோடும் பேயும் பூசணியும். வலது கை தாயின் இடது கைக்குள். தாயின் வலது கையில் ஊசி. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளையின் தோள் விறைத்தது. எழும்பத்தான் பார்த்தாள். புனிதம் பிடியை இறுக்கினாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் புருஷனைப் பார்த்து. குரல் உயர்ந்திருந்தது. "கத்திக் குளறுறதெண்டால் பிறகு குளறுங்கோ. இந்தக் கை முடியட்டும்."

பந்தியில் கடைசியாகச் சாப்பிடுகிற புனிதமா இது! எனக்கு யாரோ புது ஆளைப் பார்ப்பது போலிருந்தது. தம்பித்துரைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். திறந்த வாய் திறந்தபடி நின்றார். மகளைப் பார்த்தார். மனைவியின் நகங்களைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள்."

நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவித் துடைத்தார். வெற்றிலையைப் பிரித்து ஒரு நூலை எடுத்தார். புனிதத்தின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவளுடைய இடது கை மகளுடைய கையைப் பிடித்திருந்தது, அவள் அதை விடப்போவதில்லை. ஆகவே அவர் அந்த இரண்டு கைகளுக்கும் மேலே குனிந்து, மகளுடைய விரல்கள் தன் முகத்துக்கு நேரே இருக்க, மனைவியின் மணிக்கட்டில் காப்பைக் கட்டினார். மண்டையோடுகளுக்கு மேலே மஞ்சள் நூல். புனிதம் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் ஊசி அசையாமல் நின்றது.

பிறகு மற்ற நூலை எடுத்தார். தன் வலது கையை என்னிடம் நீட்டிக் கட்டச் சொல்வார் என்று நினைத்து முன்னால் வந்தேன். அவர் மேசையைச் சுற்றி மகளின் மற்றப் பக்கத்துக்குப் போனார்.

"மற்றக் கை காஞ்சிட்டுதோ?"

ஆறு மாதத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் கதை அது. பிள்ளை தலையை ஆட்டினாள்.

"தா."

அவள் இடது கையை நீட்டினாள். தனக்கென்று வாங்கிய நூலை, பேயும் பூசணியும் இருந்த அந்தக் கையில் தம்பித்துரை கட்டத் தொடங்கினார். ஐயோ, அது உங்கடை ஆயுளுக்கு வாங்கின நூல் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

தக்ஷிகாவின் கண் நிரம்பி வழியத் தொடங்கியது. மூக்கும் ஒழுகியது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. ஒரு கை தாயிடம், மறு கை தகப்பனிடம். அவர்கள் இருவருக்கும் கை ஓயவில்லை. "அம்மா, மூக்கு," என்றாள் சின்னப் பிள்ளை மாதிரி. மரம்போல நின்ற எனக்குத்தான் இரண்டு கையும் சும்மா இருந்தன. என் பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்து அந்தப் பிள்ளையின் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டேன்.